நடுமலையின் நயம்

பினாங்குக் கொடிமலைக்குப் போய் வந்த யாரையாவது கேட்டுப் பாருங்கள், இரண்டு சங்கதிகள்தான் சொல்வார்கள். ஒன்று, ரயில் ஏறும் செங்குத்து. மற்றொன்று, உச்சியிலிருந்து தெரியும் காட்சி: கீழே ஜார்ஜ் டவுன், அதையடுத்து நீரிணை, அக்கரையில் பட்டர்வொர்த், வானம் தெளிந்திருந்தால் பாலங்கள் இரண்டும். அடிவாரத்தையும் உச்சியையும் வாயாரப் புகழ்வார்கள். இடையில் இருக்கிற மலையைப் பற்றிப் பேச்சே வராது. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. இன்றைய ரயில் அந்த மலையை ஐந்து பத்து நிமிடத்தில் தாண்டிவிடுகிறது. கைப்பேசியை எடுத்துப் படம்பிடிக்கத் தொடங்குவதற்குள் சுரங்கம் வந்துவிடும்.

கொடிமலையின் நயமெல்லாம் அந்த நடுமலையில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. அதை ருசித்துப் பார்க்க ரயிலை விட்டு ஜீப் பாதைக்கு வரவேண்டும். வந்தால் மட்டும் போதாது. வழியில் ஏதாவது ஒரு தடங்கலும் வாய்க்க வேண்டும்.

அந்த நடுமலைக்கு ஒரு காலத்தில் நல்ல மரியாதை இருந்தது. பினாங்கில் ஆங்கிலேயர் கால் பதித்த இரண்டாம் ஆண்டிலேயே, 1788-இல், பிரான்சிஸ் லைட் மலைமேல் குதிரைப் பாதை வெட்டவைத்தார். அதன் பிறகு நூறாண்டுக்கு மேல் வெள்ளைக்கார துரைமார் மட்டக்குதிரையிலும் டோலியிலும் ஏறினார்கள். சுமப்பவர்களுக்கு மூச்சு வாங்கிய இடமெல்லாம் டோலி நின்றது. டோலி நின்ற இடமெல்லாம் உள்ளே இருந்தவர் காட்டைப் பார்த்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரயில் விட ஒரு முயற்சி நடந்து தோற்றது. பிறகு அர்னால்ட் ஜான்சன் என்ற ரயில்வே எஞ்சினியர் சுவிட்சர்லாந்து போய் மலை ரயில்களைப் பார்த்து வந்து போட்ட பாதைதான் நிலைத்தது. 1924 ஜனவரி 1 அன்று அதை ஆளுநர் முறைப்படி திறந்துவைத்தார்.

அந்தப் பழைய பாதை இரண்டு துண்டு. கீழ்ப் பாதிக்கு ஒரு ஜோடிப் பெட்டிகள், மேல் பாதிக்கு இன்னொரு ஜோடி. பாதி மலையில் நடு ஸ்டேஷன். அங்கே எல்லாரும் இறங்கி எதிரே நிற்கும் பெட்டிக்கு மாறித்தான் ஆகவேண்டும். மரப்பெட்டிகள் போய் 1977-இல் சிவப்புப் பெட்டிகள் வந்த பிறகும் இந்த ஏற்பாடு மாறவில்லை. அடியிலிருந்து முடிவரை ஏறக்குறைய அரை மணி நேரம். மேல்பெட்டி வரத் தாமதமானால் அதற்கும் கூடுதல். குழந்தைகள் சிணுங்குவார்கள், பாட்டிமார் திண்டில் உட்கார்ந்து கால் நீட்டுவார்கள், அப்போது யாராவது ஒருவர் “அதோ பாரு, மரத்துல!” என்று கை நீட்டுவார். அந்தக் காத்திருப்பில்தான் நம்மில் பலர் முதன்முதலாகக் காட்டை முகத்துக்கு முகம் பார்த்தோம். 2010-இல் பழைய ரயிலை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு வந்த புது ரயில் ஒரே மூச்சில் மேலே போகிறது, நூறு பேரை ஏற்றிக்கொண்டு. வயதானவர்களுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் அது பெரிய வசதி. அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் வசதி கூடிய அன்றே நடு ஸ்டேஷன் ஜனங்களின் நினைவிலிருந்து இறங்கிவிட்டது.

இப்போது அந்த நடுவைப் பார்க்க மிச்சமிருப்பது ஜீப் பாதை. தாவரவியல் பூங்கா வாசலின் அருகே தொடங்கி, ஐந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வளைந்து வளைந்து உச்சிக்குப் போகிறது. தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகிறவர்கள் இந்த வட்டாரத்தை நன்றாக அறிவார்கள். தைப்பூசத்தன்று காவடிகள் வந்து சேருகிற இடத்திலிருந்து கூப்பிடு தூரம். பூங்காவே ஒரு பழைய கருங்கல் குவாரியில் உருவானது. 1884-இல் சார்லஸ் கர்ட்டிஸ் என்பவர் பொறுப்பேற்று அதைப் பூங்காவாக்கினார். அவர் பெயரை இந்த மலை வேறொரு விதத்திலும் சுமக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

பாதையில் எல்லா வண்டியும் போக முடியாது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியாக இருக்கவேண்டும், அனுமதியும் வேண்டும். மலைமேல் குடியிருப்பவர்கள், சாமான் ஏற்றுகிறவர்கள், பராமரிப்பு வேலைக்காரர்கள், அவ்வளவுதான். மற்றவர்கள் நடந்துதான் போகவேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பாருங்கள், துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சீனப் பெரியவர்கள், குடும்பத்தோடு மலாய்க்காரர்கள், வேட்டியை மடித்துக் கட்டிய நம்மவர் ஒன்றிரண்டு பேர் என்று சாரை சாரையாக ஏறுவார்கள். இறங்கி வருகிறவர் ஏறுகிறவரைப் பார்த்து, இன மொழி பாராமல், “இன்னும் கொஞ்ச தூரந்தான்” என்று பொய் சொல்வது இந்தப் பாதையின் சம்பிரதாயம்.

முதல் ஒரு கிலோமீட்டர்தான் கடுமை. முதல் வளைவிலேயே தொடை பேச ஆரம்பிக்கும். இரண்டு பக்கமும் மூங்கில். அடிவாரத்துக் குரங்குகள் இங்கேவரை பின்தொடரும். இவை நீளவால் குரங்குகள். கையில் பிளாஸ்டிக் பை சலசலத்தால் தலைமுதல் கால்வரை அளந்து பார்க்கும். வழிப்பறிக்குப் பழகிய முகம். அவற்றைத் தாண்டி நடங்கள், உண்மையான மலைக்காரர்கள் மேலே இருக்கிறார்கள்.

அடுத்து வருவது பாறை வெட்டு. மலையைக் குடைந்து பாதை போட்ட இடங்களில் ஒரு பக்கம் சுவராய் எழும் கருங்கல்லில் நீர் கசிந்துகொண்டே இருக்கும். மழை பெய்து மூன்று நாள் ஆனாலும் அந்தக் கசிவு நிற்காது. அதன் வழி நெடுகப் பாசி, பாசிக்கு மேல் பெரணி. இரண்டாகப் பிளந்த விசிறி வடிவில் ஓர் இலை, சுருள் சுருளாய் அவிழும் மரப்பெரணியின் குருத்து, தரையோடு படரும் வகை என்று எத்தனை தினுசு! கல்லில் கை வைத்தால் குளிர்ச்சி உள்ளங்கையில் ஏறும். கீழே பட்டணத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கும் அதே வேளை அது. உச்சியில் ஏறக்குறைய ஐந்து டிகிரி குறைவு. அந்த ஐந்து டிகிரியும் எந்த வளைவில் குறைகிறது என்று நடப்பவனுக்குத்தான் தெரியும்.

பாதி உயரத்தில் மரம் மாறுகிறது. நிமிர்ந்து பார்த்தால் முடி தெரியாத உயரம். தூரத்து முகட்டில் சில மரங்களின் தலை மட்டும் சாம்பல் பூத்துத் தெரியும். அது செராயா. மலை முகடுகளில் ஓங்கி வளரும் பெருமரம். அதன் அறிவியல் பெயரில் ஒட்டிக்கொண்டிருப்பது பூங்காவை அமைத்த அந்தக் கர்ட்டிஸின் பெயர்தான். கீழே அவர் நட்ட மரங்களைப் பார்த்துவிட்டு மேலே அவர் பெயரைத் தாங்கும் மரத்தைப் பார்ப்பது இந்தப் பாதை தரும் சின்ன உபரி.

இனித் தடங்கலுக்கு வருகிறேன். ஒருமுறை மேலே நடக்கவிருந்த விசேஷத்துக்குச் சாமான் ஏற்றிப் போன வண்டியில் எனக்கும் இடம் கிடைத்தது. அரிசி மூட்டை, வாழைத்தார், இரண்டு பெரிய அண்டா, அவற்றுக்கு நடுவே நான். முதல் நாள் இரவு நல்ல மழை. பாதி வழியில் வண்டி நின்றது. வளைவுக்கு அப்பால் பெரிய கிளையொன்று பாதையை மறித்து விழுந்து கிடந்தது.

“எறங்குங்க தம்பி. வெட்டி எடுக்க ஆள் வரணும். எப்படியும் ஒரு மணி நேரம் ஆவும்,” என்றார் வண்டிக்காரர்.

“மேல காத்துக்கிட்டு இருப்பாங்களேண்ணே.”

“இருக்கட்டும். மலையில அவசரப்பட்டு என்னா ஆவப்போவுது?” என்று எஞ்சினை அணைத்தார்.

எஞ்சின் சத்தம் நின்றதும்தான் காட்டில் எவ்வளவு சத்தம் இருக்கிறது என்று தெரிந்தது. இலையிலிருந்து இலைக்குச் சொட்டும் நீர். எங்கோ கீழே ஓடை. சில்வண்டு ஒன்று தொடங்க, அடுத்தது பிடித்துக்கொள்ள, மலைச்சரிவு முழுவதும் பரவி, பிறகு சொல்லிவைத்தாற்போல் ஒரே நொடியில் அடங்கியது. அந்த அமைதியில், தலைக்கு மேல் ஒரு கிளை அசைந்தது. பாதையில் பாதி தின்ற இலைக்கொத்து ஒன்று வந்து விழுந்தது.

லோத்தோங் என்று இங்கே எல்லாரும் சொல்கிற கண்ணாடி மந்தி. கூட்டமாக ஏழெட்டு இருக்கும். சாம்பலும் கருப்பும் கலந்த உடம்பு. நீண்ட வால்கள் கிளைகளிலிருந்து கோயில் மணிக்கயிறுகளாய் நேர்கீழாகத் தொங்கின. முகத்தைப் பார்க்கவேண்டுமே! கரிய முகத்தில் இரண்டு கண்களையும் சுற்றி வெள்ளை வட்டம், உதட்டின் மேலும் ஒரு வெள்ளைத் திட்டு. எதைக் கண்டாலும் ஆச்சரியப்பட்டுக்கொண்டே இருக்கிற முகம். ஆனால் நிதானமோ நிதானம். கீழ்க்குரங்குகளின் பரபரப்பு இதனிடம் துளியும் கிடையாது. கை நீட்டிக் கொம்பை வளைக்கிறது. தளிரை முகர்கிறது. நுனியில் இளசான பாகத்தை மட்டும் கடித்துக்கொண்டு மிச்சத்தைக் கீழே போடுகிறது. விருந்தில் மூன்றாம் பந்திக்கு உட்கார்ந்த பெரியவர்கூட இவ்வளவு பொறுக்கித் தின்னமாட்டார்.

இந்தத் தேர்வுக்குக் காரணம் வயிறு. இலை சத்துக் குறைந்த உணவு, எளிதில் செரிக்காது. லோத்தோங்கின் இரைப்பையில் பல அறைகள் உண்டு. அங்கே நுண்ணுயிர்கள் இலையை நொதிக்கவைத்துச் சத்தைப் பிரித்துக் கொடுக்கின்றன. அதற்கு நேரம் பிடிக்கும். அதனால்தான் தின்றுவிட்டு மணிக்கணக்கில் கிளையில் சாய்ந்து கிடக்கிறது. பார்ப்பவர்களுக்குச் சோம்பல், அதற்கு அதுதான் சமையல். நாம் பிரியமாய் நீட்டும் ரொட்டியும் இனிப்பும் அந்த வயிற்றின் ஒழுங்கைக் கெடுத்துவிடும்.

கூட்டத்தின் நடுவில் திடீரென்று ஓர் ஆரஞ்சு நிறம் தெரிந்தது. குட்டி. பிறக்கும்போது லோத்தோங் குட்டி பொன்னும் ஆரஞ்சுமாகப் பளிச்சென்று இருக்கும். சில மாதங்களில் அந்த நிறம் உதிர்ந்து பெற்றோரின் சாம்பல் வந்துவிடும். பச்சையும் கருப்புமான அந்தக் காட்டில் கண்ணை எடுக்கவிடாத நிறம். தாயின் மார்பில் தொங்கிய அதை இன்னொரு பெண்மந்தி வந்து மெல்ல வாங்கிக்கொண்டது. சற்று நேரத்தில் வேறொன்று. இந்த இனத்தில் இப்படித்தான், சித்திமார் கைமாற்றிக் கைமாற்றித் தூக்குவார்கள், தாய் அந்த நேரத்தில் நாலு இலை தின்னும். வண்டிக்காரர் பார்த்துவிட்டு, “நம்ம வூட்டுப் புள்ளைங்க மாதிரியேதான்,” என்றார்.

மந்திக்கூட்டத்தோடு ஒரு கரிச்சானும் வந்தது. துடுப்புவால் கரிச்சான். வாலின் இரண்டு ஓரச் சிறகுகளும் மெல்லிய கம்பியாய் நீண்டு, நுனியில் மட்டும் துடுப்பாக விரியும். பறக்கும்போது கம்பி கண்ணுக்குத் தெரியாது. இரண்டு கரும்புள்ளிகள் பறவையைத் துரத்திக்கொண்டு வருவதாகவே தோன்றும். அது கூட்டத்தோடு திரிவது நட்புக்காக என்று நினைக்கவேண்டாம். மந்தி கிளையை உலுக்கினால் பூச்சி கிளம்பும், கிளம்பும் பூச்சியைக் கரிச்சான் கொத்தும். பிற பறவைகளின் குரலை அச்சாகப் பேசிக்காட்டும் வித்தையும் அதற்கு உண்டு. காதை நம்பிக் காட்டில் பறவை எண்ணுகிறவர்களை ஏமாற்றுவதில் கைதேர்ந்தது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், கருப்பு மலை அணில். அணில் என்றதும் முதுகில் மூன்று கோடு போட்ட தமிழ்நாட்டுச் சின்ன உருவத்தை நினைக்காதீர்கள். இதன் வாலே உடம்பைவிட நீளம். முதுகு கன்னங்கரேல், வயிறு சந்தன மஞ்சள். கிளையின் குறுக்கே குந்தி, தலையையும் கைகளையும் ஒரு பக்கமும் வாலை மறுபக்கமும் தொங்கவிட்டு, எடைக்கு எடை சரியாக்கிக்கொண்டு பழத்தைக் கொறிக்கும். அந்த வாலின் பாரம் இல்லாவிட்டால் அது கையை விட்டுவிட்டுத் தின்ன முடியாது.

ரம்பத்தோடு ஆட்கள் வந்து, கிளையை அறுத்து, வண்டி புறப்படும்போது விசேஷத்துக்கு நேரமாகிவிட்டது. மேலே போய்ச் சேர்ந்ததும் வாங்கிக் கட்டிக்கொண்டோம். அது பெரிதில்லை.

இந்தப் பாதையின் தடங்கல்கள் எல்லாமே இப்படி இனிமையாக முடிவதில்லை என்பதையும் சொல்லியாகவேண்டும். மலை முழுக்கக் கருங்கல். அதன் மேல் கல் மக்கி உண்டான மண். பெருமழையில் அந்த மண் நீரை ஏந்த முடியாமல் சரியும். 2017 அக்டோபரில் உலகின் பல பக்கத்திலிருந்தும் அறிவியலாளர்கள் இங்கே வந்து, கயிறு கட்டி மரமுடிவரை ஏறி, மலையின் உயிர்களைக் கணக்கெடுத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போன சில நாளில், நவம்பர் 4 இரவு, பெரும்புயல் மழை. மலை பல இடங்களில் சரிந்தது. ஜீப் பாதை உடைந்தது, ரயிலும் நின்றது. கணக்கெடுத்த கையோடு மலை தன் இன்னொரு முகத்தையும் காட்டிவிட்டது. மறுபடி சீராக நெடுநாள் பிடித்தது. இன்றும் சில வளைவுகளில் பழைய பாசிச் சுவருக்குப் பக்கத்தில் புதுச் சிமெண்ட் சுவர் தெரியும். அங்கே நின்று மேலும் கீழும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள், பாதையின் அருமை புரியும்.

பாதையில் 84 என்ற எண்ணால் எல்லாரும் அறிந்த ஓய்விடம் உண்டு. தன்னார்வலர்கள் சூடாகத் தேநீர் வைத்திருப்பார்கள். காசு கேட்பதில்லை, விரும்பியதை உண்டியலில் போடலாம். பட்டணத்துத் தே தாரிக்கின் நுரையும் மணமும் இதில் இராது. ஏறி வந்த மூச்சுக்கும் வியர்வைக்கும் அந்த வெறும் தேநீர் என்ன இதமாக இறங்குகிறது என்பதை ஏறினவர்களே அறிவார்கள்.

அதற்கு மேல் மூடுபனியின் ராஜ்யம். மரங்கள் குட்டையாகும், கிளைகளில் பாசி தொங்கும். ஈரப் பாறை மேடுகளில் உற்றுப் பார்த்தால் குடுவைச்செடி கிடைக்கும். இந்த மலையின் குடுவைச்செடி வகைகளில் ஒன்றில், குடுவையின் வாய்க்குச் சற்றுக் கீழே வெள்ளையாய் ஒரு பட்டை சுற்றி ஓடும். சுண்ணாம்பு தடவிய கோடென்றே நினைக்கத் தோன்றும். கிட்டப் போனால் நுண்ணிய மயிர் அடர்ந்த விளிம்பு. மற்றக் குடுவைகள் தேனைக் காட்டி எறும்பைப் பிடிக்கும். இதன் குறி கரையான். வெள்ளை மயிரை மேய வரும் கரையான் கூட்டம் ஒன்றையொன்று நெருக்கித் தள்ளிக் குடுவைக்குள் விழும். ஒரே இரவில் குடுவை நிறைந்துவிடும். மேய்ந்த பட்டை மறுபடி முளைப்பதில்லை. ஒரு குடுவைக்கு ஒரே ஒரு விருந்து. விரற்கடை அகலம்கூட இல்லாத கோட்டுக்குள் இத்தனை சூழ்ச்சி! குனிந்து பார்க்க நேரம் உள்ளவனுக்கே அது தெரியும்.

உச்சியைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. முருகன் கோயிலும் மசூதியும் அருகருகே இருப்பதையும், காட்டு நடைபாதையான ஹபிடாட்டில் மரமுடிகளின் உயரத்தில் நடக்கத் தொங்குபாலம் உண்டு என்பதையும் எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். ஜீப் பாதை ஏற முடியாதவர்களுக்கு அந்தப் பாலம் நல்ல மாற்று. அங்கேயும் லோத்தோங் வரும்.

2021 செப்டம்பரில் யுனெஸ்கோ கொடிமலையை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. மலேசியாவில் இது மூன்றாவது. பெருமைதான். ஆனால் லோத்தோங்கை உலக அளவில் அழியும் ஆபத்தில் உள்ள இனமாகப் பட்டியலிட்டிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே நினைக்கவேண்டும். காட்டைச் சாலை வெட்டும் இடத்தில் அது தரையிறங்குகிறது, வண்டியில் அடிபடுகிறது. பினாங்குத் தீவின் தெலுக் பஹாங்கில் லாங்கூர் புராஜெக்ட் பினாங்கு என்ற அமைப்பு, யாப் ஜோ லீன் என்ற ஆய்வாளரின் முனைப்பில், 2019-இல் சாலைக்கு மேலே ஒரு குரங்குப் பாலம் கட்டியது. பழைய தீயணைப்புக் குழாய்களை முறுக்கிச் செய்த பாலம். கீழே வண்டிகள் ஓட, மேலே விலங்குகள் கடக்கின்றன.

இப்போது பூங்காப் பக்கத்திலிருந்து உச்சிக்குக் கேபிள் கார் வரும் வேலையும் நடக்கிறது. ரயில் வரிசையில் வெயிலில் நிற்கும் கூட்டம் அதனால் குறையலாம். ரயில் தரையோடு தாண்டிய நடுமலையை இனி ஆகாயத்தில் தாண்டுவோம். மேலே போய்ச் சேருகிறவர்கள் பெருகப் பெருக, நடுவைப் பார்த்தவர்கள் குறைவார்கள். பார்க்காத காட்டுக்காகப் பரிந்து பேச ஆள் இருக்காது. என் கவலை அதுதான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ரயிலில் ஏறினாலும், இறங்கும்போது ஜீப் பாதையில் இறங்குங்கள். முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் உச்சியிலிருந்து கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பினாலும் சரி. மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள், காலையில் ஏழு மணிக்கே கிளம்புங்கள், ஜீப் வந்தால் ஓரமாக ஒதுங்கி வழிவிடுங்கள். எந்தக் குரங்குக்கும் ஒரு கடலைகூடக் கொடுக்காதீர்கள். மழையோ மரமோ மறித்தால் கடிகாரத்தைப் பார்க்காமல் தலைக்கு மேலே பாருங்கள்.